மூன்றாவது சரணத்தில் ஓர் எழுத்து

மூன்றாவது சரணம் தொடங்குவதற்கு ஒரு மூச்சு முன்னால் எபினேசர் சார் பாட்டை நிறுத்திவிடுவார். யாருக்காவது பதில் சொல்லிக்கொண்டிருந்தாலும், வேறு பக்கம் திரும்பி நின்றாலும், விரல் தானாக லேப்டாப்புக்குப் போய்விடும். பதினொரு வருஷம், பதினொரு பேட்ச், ஒரு தடவைகூடத் தவறியதில்லை. சோழவரத்தைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் அந்த மேனேஜ்மென்ட் கல்லூரியில் சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லிவிட்டுப் போகும் சங்கதிகளில் இதுவும் ஒன்று.

"தோணிக்காரர் வந்துட்டாருன்னா நோட்டை மூடிக்கோ. ரெண்டு சரணத்துக்கு மேல வரமாட்டாரு. அதுக்கப்புறம் டீதான்."

ஷைனியும் முதல் வருஷம் இதைக் கேட்டுச் சிரித்தவள்தான். அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று தெரிய அவளுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

"தோணிக்காரரே" என்பது அந்தப் பக்கத்துச் சபைகளிலெல்லாம் பாடும் பாட்டு. ஒரு காலத்தில் கும்மிடிப்பூண்டியில் யாருக்குப் போன் போட்டாலும் மணியடிப்பதற்குப் பதில் அதுதான் கேட்கும். அந்தப் பாட்டை கேசட்டில் போட்டு, பிறகு சிடியில் போட்டு, பிறகு காலர் ட்யூனாக விற்றவர் ஜே. எபினேசர். பாட்டும் இசையும் அவர்தான் என்று சபையின் பாட்டுப் புத்தகத்தில் அச்சடித்திருக்கிறது.

அந்தப் பாட்டைப் போட்டுக்காட்டி, அவர் கதையை அவரே வகுப்பில் கேஸ் ஸ்டடியாகச் சொல்வார், தோற்றதையும் சேர்த்து. அப்பா ரோலிங் மில்லில் உலைக்கு முன்னால் நின்று முப்பது வருஷம் வெந்தவர். மகன் ப்ளஸ் டூ முடித்ததும் பஜாரில் ஒரு மைக் செட் கடையில் சேர்ந்தார். எந்தத் தெருவில் யார் நன்றாகப் பாடுகிறார்கள் என்பது மைக் செட்காரனுக்குத்தான் முதலில் தெரியும். அந்த ஒரு விஷயத்தை முதலாக வைத்து "ஒற்றைப்பனை ஆடியோஸ்" தொடங்கினார். "ஆடி மாசம் அம்மன், டிசம்பர் மாசம் ஏசு, நடுவுல எலெக்‌ஷன் வந்தா தலைவரு. நமக்கு எல்லாரும் கஸ்டமர்தான்" என்று சொல்லும்போது வகுப்பே சிரிக்கும். அவருடைய பதினாலு வருஷத்துப் பாட்டையும் எவனோ ஒரே சிடியில் அடைத்து, எளாவூர் செக்போஸ்டில் லாரி டிரைவர்களிடம் முப்பது ரூபாய்க்குக் கூவி விற்றான். அன்று தானே ஒன்று வாங்கிக்கொண்டு வந்ததாகச் சொல்லும்போது வகுப்பு அடங்கிவிடும். காலர் ட்யூன் அவரைக் கரையேற்றியது. பிறகு எல்லாப் பாட்டின் உரிமையையும் சென்னையில் ஒரு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தபால் வழியில் பட்டமும் எம்.பி.ஏ.வும் படித்து, நாற்பத்தைந்து வயதில் சாக்பீஸ் பிடித்தார்.

நல்ல வாத்தியார். அதை மறைத்து எழுதினால் அது வேறு ஒரு பொய்யாகிவிடும். ஷைனியின் வீட்டில் பட்டப்படிப்புக்குப் போன முதல் ஆள் ஷைனி. இன்டர்வியூ பயிற்சியில் ஆங்கிலம் வராமல் வாய் உலர்ந்து நின்றபோது, "தமிழ்ல யோசி, இங்கிலீஷ்ல விலை சொல்லு. அவ்ளோதாம்மா வியாபாரம்" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டியவர் அவர். சிப்காட்டில் பம்ப் கம்பெனியில் அவளுக்குப் பயிற்சி வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். ஒருமுறை குழுவாகச் செய்த ப்ராஜெக்ட்டின் அட்டையில் "செய்தவர்கள்: பி பிரிவுக் குழு" என்று போட்டிருந்ததைப் பார்த்து அப்படியே திருப்பித் தந்தார்.

"குழுன்னு ஒரு ஆளு உண்டா? அவனுக்கு அப்பா அம்மா வச்ச பேரு இல்லையா? யாரு எதைச் செஞ்சா, பேரு போட்டு எடுத்துக்கினு வா."

அன்று சாயங்காலம் அந்த வார்த்தையை ஷைனி அம்மாவிடம் பெருமையாகச் சொன்னாள். "எங்க சார்தாம்மா தோணிக்காரரே எழுதினவரு" என்பதையும் சேர்த்துச் சொன்னாள். அம்மா கல்பனா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "அப்டியா" என்றாள். களைந்த அரிசியை மறுபடியும் ஒருமுறை களைந்தாள்.

கல்பனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிப்காட்டில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை, கான்ட்ராக்டில். ஞாயிற்றுக்கிழமை எளாவூர் சபையில் மூன்றாவது வரிசை. சபை "தோணிக்காரரே" பாடும் நாட்களில், மூன்றாவது சரணத்தில் எல்லோரும் "வழி தேடி வருவாரு" என்று பாடுவார்கள். கல்பனா மட்டும் "கழி தேடி வருவாரு" என்று பாடுவாள். மெதுவாகப் பாடினாலும் பரவாயில்லை, நன்றாக உரக்கப் பாடுவாள். முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். யேசுதாஸ் பாஸ்டர் ஒருமுறை, "சிஸ்டர், புக்கைப் பார்த்துப் பாடுங்க, கண்ணாடி வேணும்னா கேம்ப்ல செக் பண்ணிக்கலாம்" என்று நல்ல மனசோடுதான் சொன்னார். ஷைனி ஏழு வயதிலிருந்து அந்த இடம் வந்தால் அம்மாவின் முழங்கையில் இடிப்பாள். "தப்பாப் பாடாதம்மா. எல்லாரும் பாக்குறாங்க."

பதினாறு வருஷம் இடித்திருக்கிறாள்.

இறுதி ஆண்டில் எபினேசர் சார் ஓய்வு பெறப் போவதாகப் பேச்சு வந்தது. பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போகிறார். போவதற்குள் அவருடைய பாடங்களை ஒரு புத்தகமாகப் போட்டுவிட வேண்டும் என்று நிர்வாகம் சொன்னது. முதல் பாடம் தோணிக்காரர். தமிழில் பிழையில்லாமல் தட்டச்சு செய்யத் தெரிந்தவள் என்று அந்த வேலை ஷைனிக்கு வந்தது. அவளோடு பழவேற்காட்டு இஜாஸும் படங்கள் வரைந்து கொடுக்கச் சேர்ந்தான்.

பாட்டின் வரிகளையும் போட வேண்டும் என்பதால் சாரின் லேப்டாப்பிலேயே கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு அவர் மீட்டிங்குக்குப் போனார். ஷைனி இயர்போனை மாட்டிக்கொண்டாள். முதல் சரணம். இரண்டாவது. நிறுத்த அங்கே விரல் இல்லை. பாட்டு மூன்றாவதுக்குள் போனது.

*மார்பளவு தண்ணியிலே மலைச்சு நானும் நிக்கையிலே*

பத்துப் பன்னிரண்டு பேர் பாடினார்கள். "வழி தேடி" என்றார்கள். ஒரே ஒரு குரல், மற்றவர்களுக்கு அரைத்தாளம் முந்திக்கொண்டு, "கழி தேடி" என்றது.

ஷைனி திரும்பப் போட்டாள். இன்னும் நாலைந்து தடவை போட்டாள். அந்த "ழி"யை இழுத்து, முடிவில் மூக்கால் லேசாக மேலே தூக்கும் இழுப்பு. தண்ணீர் வரும் நேரத்தில் தெருமுனையிலிருந்து "ஷைனீ" என்று கூப்பிடும் அதே இழுப்பு.

"இன்னா, பேயறஞ்ச மாதிரி உக்காந்துக்கினு இருக்க?" என்றான் இஜாஸ்.

"கழின்னா இன்னாடா?"

"கழின்னா கழிதான். எங்க ஊரு ஏரி கடலோட கலக்கற எடம், உப்பும் சேறுமா. அது இருந்தாதான் எங்க ஊடுகள்ல அடுப்பு எரியும். அதைக்கூடத் தெரியாம எளாவூர்ல பொறந்தேன்னு சொல்லிக்காதே, மானம் போவுது."

அன்று எளாவூர் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு நடக்கவில்லை, ஓடினாள். அம்மா அப்போதுதான் கம்பெனியிலிருந்து வந்து, தலைக்குப் போட்டிருந்த வலைக் குல்லாவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஷைனி போனில் ஏற்றிக்கொண்டு வந்த பாட்டைப் போட்டு இயர்போனை அம்மாவின் காதில் வைத்தாள். கல்பனா கேட்டாள். முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

"இது நாலாவது வாட்டி பாடினது" என்றாள்.

"அம்மா!"

"நாலு வாட்டி பாட வச்சாங்கடி. ஒவ்வொரு வாட்டியும் நான் கழின்னேன். மெட்ராஸ்லேர்ந்து வந்த கீபோர்டுக்காரன் எந்திரிச்சு வந்து, 'கழின்னா கழிவுத் தண்ணி மாதிரி நாறுது, வழின்னு பாடும்மா'ன்னான். நானும் மண்டைய மண்டைய ஆட்டினேன். பாட்டு வந்தா வாய் கழிங்குது. அப்பால ஸ்டுடியோ டைம் முடிஞ்சிபோச்சுன்னு ஓகே ஓகேன்னுட்டாங்க. ஒரு பிரியாணி பொட்டலம், ஒரு கேசட்டு. வந்துட்டேன்."

"பாட்டு எழுதினது?"

"நாந்தான்."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னனே. நீ பத்தாவது படிக்கச்சொல்ல சொன்னேன். நீதான் பாட்டு புக்கைத் தூக்கிக்கினு வந்து, 'இதோ பாரு, யாரு பேரு போட்டுக்கிதுன்னு பாரு'ன்னு காட்டின. அப்பால ஒரு வாரம் என்னை 'கவிஞரே'ன்னு கூப்பிட்டுக்கினு இருந்த."

ஷைனிக்கு ஞாபகம் வந்தது. வராமல் இருந்திருக்கலாம்.

கதை இதுதான். கல்பனாவுக்குப் பதினெட்டு வயது. வயல் வேலை இல்லாத நாட்களில் பெண்கள் கழியில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் கல்பனாவும் இன்னொருத்தியும் தூரமாகப் போய்விட்டார்கள். தண்ணீர் ஏறிவிட்டது. கால் சேற்றில். வாயில் பறி இருப்பதால் கத்தவும் முடியாது. பறியை விட்டால் அன்றைய சோறு போச்சு. மார்பளவு தண்ணீரில் நின்றவர்களை, ஆள் குறைகிறதே என்று ஒரு தோணிக்காரர் கழி முழுக்கத் தேடிக்கொண்டு வந்து ஏற்றிக்கொண்டார். சபையின் அடுத்த கன்வென்ஷன் கூட்டத்தில், ஏசுவையே அந்தத் தோணிக்காரராக வைத்துக் கல்பனா அதைப் பாட்டாகப் பாடினாள். மைக் செட் போட்டிருந்தவர் எபினேசர்.

"அதெல்லாம் போவட்டும்" என்றாள் கல்பனா. "வழியே நான்தான்னு சொன்னவரு ஏசு. அவரு போயி வழி தேடுவாராடி? வழி தெரியாதவன்ல வழி தேடுவான்! இந்தப் பாவிங்க பாட்டுல ஏசுவையே வழி தவறவிட்டுட்டு, என்னைக் கண்ணாடி போடச் சொல்றானுங்க."

ஷைனி சிரித்துவிட்டாள்.

"உனக்கு இன்னாம்மா வேணும்?"

"காசெல்லாம் வாணாம். அந்தாளு ஒரு ஞாயித்துக்கிழம நம்ம சபைக்கு வரணும். பாஸ்டருக்கு எதிர்ல, அந்த முன்வரிசைக்காரிங்களுக்கு எதிர்ல, 'இந்தம்மா பாடறதுதான் சரி'ன்னு சொல்லணும். அவ்ளோதான். அப்பால நான் செத்தாலும் தப்பாப் பாடினவன்னு யாரும் சொல்லக் கூடாது."

மறுநாள் மதியம் ஆசிரியர் அறையில் சார் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தார்.

"சார், மூணாவது சரணத்தை ஏன் எப்பவும் நிறுத்திடறீங்க?"

"கேஸுக்கு ரெண்டு போதும்மா. டைம் ஏது?"

"அதுல ஒரு குரல் மட்டும் கழின்னு பாடுது சார்."

அவர் டிபன் பாக்ஸை மூடினார்.

"எளாவூர் பொண்ணு" என்றார். "கல்பனான்னு பேரு. பிடிவாதக்காரி. உனக்கு எப்படிம்மா…"

"எங்கம்மா சார்."

ஷைனி இதை எத்தனையோ விதமாக யோசித்து வைத்திருந்தாள். அவர் மறந்துபோயிருப்பார், நினைவுபடுத்த வேண்டியிருக்கும், சின்னப் பெண் எத்தனையோ பேரில் ஒருத்தி என்பார். மறந்திருந்தால்கூட மன்னித்திருப்பாள். இருபத்தாறு வருஷமாக அந்தப் பெயர் அவர் நாக்கு நுனியில் இருந்திருக்கிறது. கேட்ட அடுத்த நொடியில் வந்து விழுகிறது. கேசட் அட்டையில் இடம் இல்லை, பாட்டுப் புத்தகத்தில் இடம் இல்லை, ஆனால் மண்டைக்குள் இவ்வளவு பத்திரமாக இடம் இருந்திருக்கிறது!

"கேசட்ல 'மற்றும் குழுவினர்'னு போட்டிருக்கீங்க சார்."

"அப்போ எல்லாரும் அப்படித்தாம்மா போடுவாங்க. அட்டைல இடம் இருக்காது."

"'குழுன்னு ஒரு ஆளு உண்டா'ன்னு நீங்கதான் எங்க ரிப்போர்ட்டைத் திருப்பிக் குடுத்தீங்க."

அவர் டிபன் பாக்ஸை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "கம்பெனிக்கு எழுதிக் குடுக்கச்சொல்ல, எல்லாம் என் சொந்தப் படைப்புன்னு கையெழுத்து போட்டிருக்கேன். இப்போ மாத்திச் சொன்னா நான் பொய் சொன்னவனாயிடுவேன்."

"இப்போ மட்டும் யாரு சார்?"

பம்ப் கம்பெனிக்கு இந்த மனுஷர் எழுதிக் கொடுத்த கடிதத்தை நினைத்துக்கொண்டாள். அந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டவளுக்கு இப்படிப் பேச வாயுண்டா? அம்மாவின் முழங்கையைப் பதினாறு வருஷம் இடித்தவளுக்கு இவர் மேல் கோபப்பட என்ன தகுதி? யோசிக்க யோசிக்க ஒன்று தெரிந்தது. அவள் இடித்ததற்குக் காரணமே அவர் அச்சடித்த அந்த எழுத்துதான். ஒரு மகளை அம்மாவுக்கு எதிராகத் திருப்பிவிட்ட எழுத்து.

"போடறேன்மா" என்றார் கடைசியில். "புக்ல உங்கம்மா பேரு வரும். ஒரு ஞாயித்துக்கிழம நானே வந்து சபைல சொல்றேன். நம்பு."

ஷைனி நம்பினாள். "பாடல்: ஏ. கல்பனா, எளாவூர்" என்று தட்டச்சு செய்து, "கழி" என்று வரியைத் திருத்தி, கோப்பை அனுப்பினாள். வீட்டிலும் சொன்னாள். அந்த வாரம் சனிக்கிழமை கல்பனா ஓவர்டைமுக்குப் போகாமல் வெள்ளைப் புடவையைக் கஞ்சி போட்டுக் காயவைத்தாள்.

புத்தகம் பிரிவு விழாவன்று காலையில்தான் அச்சகத்திலிருந்து வந்தது. ஷைனி பக்கத்தைப் புரட்டினாள். "வழி தேடி வருவாரு." பாடல், இசை: ஜே. எபினேசர். பாடியவர்கள் பகுதியில் கடைசியில் "மற்றும் குழுவினர்". அட்டையின் உள்பக்கத்தைப் பார்த்தாள். தொகுப்பு: ஜே. எபினேசர் மற்றும் மாணவர் குழுவினர்.

இஜாஸ் எட்டிப் பார்த்தான். "கவல வுடு. நம்ம ரெண்டு பேரும் இப்போ உங்கம்மா பார்ட்டில சேந்துட்டோம்" என்றான். வேறு நாளாக இருந்தால் அது நல்ல ஜோக்.

விழாவில் நன்றியுரை ஷைனிக்கு. மேடையில் பொன்னாடைகள் அடுக்கடுக்காக விழுந்தன. சவுண்ட் சர்வீஸ்காரர் வரவேற்புக்குத் "தோணிக்காரரே"வைப் போட்டார். மூன்றாவது சரணம் நெருங்கும்போது சாரின் விரல் நாற்காலிக் கைப்பிடியில் எழும்புவதை ஷைனி பார்த்தாள். அங்கே லேப்டாப் இல்லை. பாட்டு போய்க்கொண்டே இருந்தது. பெரிய ஸ்பீக்கரில், முந்நூறு பேர் முன்னால், கல்பனாவின் குரல் "கழி தேடி" என்றது. யாரும் கவனிக்கவில்லை. ஒருத்தர் சமோசா கேட்டுக்கொண்டிருந்தார்.

ஷைனி மைக்கைப் பிடித்தாள். நிர்வாகத்துக்கு நன்றி, முதல்வருக்கு நன்றி. பிறகு, "நீங்க கேட்ட பாட்டை எழுதினவங்க ஏ. கல்பனா, எளாவூர். மூணாவது சரணத்துல 'கழி'ன்னு சரியாப் பாடறவங்களும் அவங்கதான். அவங்களுக்கு நன்றி" என்றாள். கூட்டம் கைதட்டியது. எந்தப் பெயரைச் சொன்னாலும் தட்டுகிற அதே கைதட்டல். மேடையில் எபினேசர் சாரும் தட்டினார்.

கீழே இறங்கியதும் அருகில் வந்தார். "அதான் சொல்லிட்டியேம்மா. முடிஞ்சுதுல்ல?"

"நான் சொன்னா எங்கம்மாவுக்குப் பொண்ணு சொன்ன மாதிரிதான் சார் இருக்கும். வழின்னு அச்சடிச்சவரு வந்து சொல்லணும்."

"வரேன்னு சொன்னேன்ல? வர்ற ஞாயிறு பாரு."

அந்த ஞாயிறு கல்பனா கஞ்சி போட்ட புடவை கட்டிக்கொண்டு, மூன்றாவது வரிசையில் ஓர இருக்கையை விட்டு உட்கார்ந்தாள். அவர் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. பெங்களூருக்குப் போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. ஷைனி போன் போட்டாள். மறுமுனையில் தோணிக்காரரே பாடியது. முப்பது நொடியில் முதல் சரணம் முடிந்து மறுபடி முதலிலிருந்தே தொடங்கியது. காலர் ட்யூனில் மூன்றாவது சரணமே கிடையாது. யாரும் எடுக்கவில்லை. சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது: "கொஞ்சம் அலைச்சல்மா. அடுத்த ஞாயிறு கண்டிப்பாக."

அது செப்டம்பரில். இப்போது கிறிஸ்துமஸுக்குச் சபையில் வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறார்கள். பாட்டுப் புத்தகத்தின் புதுப் பதிப்பும் வந்துவிட்டது, பழைய எழுத்தோடு. யேசுதாஸ் பாஸ்டரிடம் ஷைனி எல்லாவற்றையும் சொன்னாள். பாஸ்டர் பொறுமையாகக் கேட்டார். "எழுதினவரு ஒரு வார்த்தை சொல்லட்டும்மா, மாத்திடலாம்" என்றார்.

எழுதினவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

போன வாரமும் ஷைனி சாருக்குச் செய்தி அனுப்பினாள். பதில் உடனே வந்தது, அதே வார்த்தைகளில். அவள் அதைப் படித்துக் காட்டியபோது கல்பனா அடுத்த நாள் ஷிப்டுக்கு வலைக் குல்லாவைத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த ஞாயிறா?" என்றாள். "எந்த வருசத்து ஞாயிறுன்னு கேளுடி."